லீட்ஸ் நகரத்து இரவுப் பள்ளியும் ஒரு புகழ்பெற்ற நூலும்

ஒரு நூலின் பெயரே சில வேளைகளில் அந்நூலுக்குப் பகையாகிவிடுவதுண்டு. 1859-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரில் ஜான் மர்ரே என்னும் பதிப்பாளர் வெளியிட்ட 'செல்ப் ஹெல்ப்' என்னும் நூலுக்கு நேர்ந்தது அதுவே. அதனை எழுதியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். நூற்பெயரைத் தமிழில் 'தன்முயற்சி' என்று சொல்லலாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தன்னுதவி' என்றாகும். இரண்டுக்கும் உள்ள தொலைவைத் தமிழாசிரியர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 'உன் காரியத்தை நீ பார்த்துக்கொள். ஊரார் கவலை உனக்கெதற்கு?' என்று உபதேசிக்கும் நூல் போலும் என்றே பின்னதைக் கேட்பவர் கருதுவர். ஆங்கிலேயருள்ளும் பலர் அவ்வாறே கருதினர். ஏழாண்டு கழித்து, 1866-இல் வந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில், தலைப்புப் பொருத்தமாக அமையவில்லை என்றும், தன்னலத்தைப் போற்றுவது தம் கருத்துக்கு நேர்மாறானது என்றும் ஸ்மைல்ஸ் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. விளக்கம் முன்னுரையிலேயே நின்றுவிட்டது. தலைப்பு உலகைச் சுற்றி வந்தது.

அதே மாதத்தில் அதே பதிப்பாளர் வெளியிட்ட மற்றொரு நூல் டார்வினுடைய உயிரினத் தோற்றம் பற்றிய ஆராய்ச்சி. அறிவுலகை ஆட்டிவைத்தது டார்வின் நூல். எனினும் எளிய வீடுகளுக்குள் நுழைந்தது ஸ்மைல்ஸ் நூலே. முதலாண்டிலேயே 20,000 படிகள் விற்றன. 1904-இல் ஆசிரியர் மறைந்தபோது விற்ற தொகை இரண்டரை இலட்சத்தைக் கடந்திருந்தது. விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்து (1837-1901) இங்கிலாந்தின் பெருங்கொள்கை யாது என்று வினவினால், வரலாற்று ஆசிரியர்கள் முதலில் சுட்டிக்காட்டும் நூல்களுள் இது ஒன்று. ஏழையாய்ப் பிறந்தவனும் உழைப்பாலும் சிக்கனத்தாலும் விடாமுயற்சியாலும் உயரலாம். உயராதவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் — அக்கொள்கையை இவ்வாறே சுருக்கி உரைப்பது வழக்கம். முற்பகுதி ஸ்மைல்ஸ் சொன்னதுதான். பிற்பகுதி அவர் தலையில் பிறர் ஏற்றியது. அவ்வாறு ஏற்றுவதற்கு அவரே இடங்கொடுத்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், நூல் பிறந்த இடத்துக்கே நாம் செல்லுதல் வேண்டும்.

அவ்விடம் வட இங்கிலாந்தில், கம்பளிக்கும் சணல் நூற்புக்கும் பேர்பெற்ற லீட்ஸ் நகரம். 1840-களின் நடுப்பகுதி. மிக எளிய நிலையிலிருந்த இளைஞர் இரண்டு மூன்று பேர், குளிர்கால இரவுகளில் ஓரிடத்தில் கூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பது என முடிவு செய்தனர். அவர்களுள் ஒருவன் குடியிருந்த சிறு வீட்டின் அறையே முதற் பள்ளி. ஆள் சேரச் சேர அறை கொள்ளவில்லை. கோடை வந்ததும் வீட்டுத் தோட்டத்துக்குப் போயினர். அங்கிருந்த ஒரு பலகைக் குடிசையில் கற்பிப்பவர் நின்று கணக்குச் சொல்ல, மற்றவர்கள் வெளியே சூழ்ந்து நின்று எழுதினர். திடீரென மழை பிடித்துக்கொண்டால் சிலேட்டில் எழுதிய கணக்கெல்லாம் கரைந்தோடும். அன்றைய பாடம் அவ்வளவே.

மீண்டும் குளிர்காலம் நெருங்கியபோது இடத்துக்கு எங்கே போவது? வாரக்கூலி வாங்குகிறவர்களுக்கு மண்டபம் வாடகைக்குப் பிடிக்க வழியில்லை. ஊரில் ஒரு பெரிய, இருண்ட அறை ஆளின்றிக் கிடந்தது. முன்னர்க் காலரா நோய் பரவிய காலத்தில் தற்காலிக மருத்துவமனையாகப் பயன்பட்ட அறை அது. நோய் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது போல் எவரும் அதனருகில் செல்லவில்லை. ஆகவே வாடகை மலிவு. இளைஞர்கள் வாரவாடகை பேசி அதனை எடுத்துக்கொண்டு, விளக்கேற்றி, பெஞ்சுகள் சிலவும் மேசை ஒன்றும் போட்டுப் பாடந் தொடங்கினர். கொஞ்சம் தெரிந்தவன் அதனினும் குறைவாகத் தெரிந்தவனுக்கு ஆசிரியன். எழுத்து, வாசிப்பு, கணக்கு, பூகோளம் என்று தொடங்கி, உயர்கணிதம், இரசாயனம், அயல்மொழிகள் வரையில் போயினர். இளைஞர்களோடு வளர்ந்த ஆண்களும் வந்து அமர்ந்தனர். நூறு பேர் வரையில் சேர்ந்த பிறகு, வெளியாரை அழைத்துச் சொற்பொழிவு கேட்கும் ஆவல் எழுந்தது. அவர்கள் அழைத்துவந்த பேச்சாளரே ஸ்மைல்ஸ்.

இவ்வரலாறு முழுவதையும் ஸ்மைல்ஸ் தம் நூலின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். தனி மனிதனின் முயற்சியைப் பாடும் நூல், ஒருவருக்கொருவர் ஆசிரியரான நூறு பேரின் அறையில் தொடங்குகிறது. முன்னுரையைத் தாண்டிக் குதித்து முதல் அதிகாரத்துக்குப் போகும் பழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

காலரா அறைக்குள் நுழைந்தபோது ஸ்மைல்ஸின் உள்ளம் எதை நினைத்ததோ, நாம் ஊகிக்க வேண்டுவதில்லை. 1832-இல் அவருடைய தந்தையாரைக் கொண்டுபோனது அந்நோயே. ஸ்காத்லாந்தில் ஹாடிங்டன் என்னும் சிற்றூரில் 1812-இல் பிறந்தவர் ஸ்மைல்ஸ். தந்தை கடை வைத்திருந்தவர், பிள்ளைகள் பதினொருவர். பதினான்கு வயதில் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தபோது தந்தை இறந்தார். படிப்பை நிறுத்திவிடுவதே அக்காலத்தில் இயல்பான முடிவு. தாயார் அதற்கு இசையவில்லை. கடையைத் தாமே ஏற்று நடத்தி, மகனைப் படிப்பில் நிறுத்தினார். அதே ஆண்டில் ஸ்மைல்ஸ் மருத்துவப் பட்டம் பெற்றார். தன்முயற்சி பற்றி எழுதிய பேராசிரியரின் சொந்த முயற்சிக்கு முட்டுக்கொடுத்து நின்றவை ஒரு கைம்பெண்ணின் கைகள்.

சொந்த ஊரில் வைத்தியத் தொழில் போதிய வருவாய் தரவில்லை. 1838-இல் 'லீட்ஸ் டைம்ஸ்' என்னும் வார இதழுக்கு ஆசிரியராக வந்தார். அவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பது கவனிக்கத் தக்கது. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நடுத்தர வகுப்பாருக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டுத் தொழிலாளரை வாசலில் நிறுத்தியிருந்தது. வயதுவந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை முதலிய ஆறு கோரிக்கைகளைக் கொண்ட சாசன இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தது. அவ்வியக்கத்தின் பெரும் பத்திரிகையாகிய 'நார்தர்ன் ஸ்டார்' வெளிவந்ததும் அதே லீட்ஸ் நகரில்தான். ஸ்மைல்ஸ் அதன் வன்மையான பேச்சை ஒப்பவில்லை. ஆயினும் வாக்குரிமையை விரிவாக்க வேண்டும் என்று எழுதினார். சீர்திருத்தச் சங்கத்தின் செயலாளராகவும் உழைத்தார். பின்னாளில் முதலாளிகளின் செல்லப் பிள்ளையாகக் கருதப்பட்ட மனிதர், தொடக்கத்தில் தொழிலாளரின் உரிமைக்கு வாதாடிய பத்திரிகையாளர் என்பதை மறந்துவிடலாகாது.

அவர் காலரா அறையில் 1845-இல் ஆற்றிய சொற்பொழிவின் பொருள் தொழிலாளர் கல்வி. அறிவுக்கூர்மையுள்ள சிலரைத் தூக்கி மேல்வகுப்பில் உட்காரவைப்பதற்காகக் கல்வி ஏற்பட்டதன்று. வகுப்பு முழுவதையும் உயர்த்துவதே அதன் தலையாய நோக்கம் — இதுவே அன்று அவர் வற்புறுத்திய கருத்து. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறோம். ஏனெனில் பதினான்கு ஆண்டு கழித்து வந்த நூலை நிரப்பியிருப்பவை, உயர்ந்து மேலே போன தனி மனிதர்களின் வரலாறுகள்.

அந்த அறை போன்றவை லீட்ஸில் மட்டும் இருக்கவில்லை. அவற்றைப் பரஸ்பர முன்னேற்றச் சங்கம் என்று ஆங்கிலத்தில் அழைத்தனர். பட்டறையின் மூலையிலும், தேவாலயத்தின் பின்னறையிலும், தொழிலாளி வீட்டுச் சமையற்கட்டிலும் அவை நடந்தன. மேட்டுக்குடியினர் நிறுவிய கைத்தொழிலாளர் கல்விக் கழகங்கள் வேறு வகை. கிளாஸ்கோவில் பர்க்பெக் என்னும் மருத்துவர் 1800-இல் தொழிலாளர்க்கென அறிவியல் சொற்பொழிவு தொடங்கினார். 1823-இல் இலண்டனில் அத்தகைய கழகம் எழுந்தது. நூற்றாண்டின் நடுவில் பல நூறு கழகங்கள் இருந்தன. அங்கே சொற்பொழிவாளர் மேடையில், தொழிலாளி கீழே. அரசியல் பேசக் கூடாது என்னும் விதி வேறு. நாள் முழுதும் உழைத்தவன் அங்கே போய்க் கண்ணயர்ந்தான். நாளடைவில் எழுத்தர்களும் கடைக்காரர்களுமே இருக்கைகளை நிரப்பினர். சிறு சங்கத்திலோ கற்பிப்பவனும் கற்பவனும் ஒரே பெஞ்சு. இன்று இவன் கேட்பான், நாளை இவனே சொல்வான். தெரியாததைத் தெரியாதென்று சொல்ல அங்கே வெட்கம் இல்லை.

அவர்களுடைய இடையூறுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படிப்புக்கு வேண்டியவை நேரம், வெளிச்சம், தாள் என்னும் மூன்று. நேரத்தை எடுத்துக்கொள்வோம். நூல்நெசவு ஆலைகளில் 13 முதல் 18 வயது வரையுள்ளவர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரையில் வேலை வாங்க 1833-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. பத்து மணி நேரச் சட்டம் 1847-இல்தான் வந்தது. அதுவும் பெண்களுக்கும் இளையோருக்குமே. வெளிச்சத்துக்கோ வரி! மெழுகுவத்தி வரி 1831-இல் நீங்கியது. சன்னல் வரி 1851 வரையில் இருந்தது. பகலிலே கதிரவன் இலவசமாகத் தரும் ஒளிக்கும் கணக்குப் பார்த்த அரசாங்கம் அது. செய்தித்தாளுக்கு 1815 முதல் நான்கு பென்ஸ் முத்திரை வரி; ஆகவே ஒரு தாளின் விலை ஏழு பென்ஸ். 1836-இல் அவ்வரி ஒரு பென்னியாகக் குறைந்தது, 1855-இல் ஒழிந்தது. தாள் மீதிருந்த வரி 1861-இல் நீங்கியது. திருமணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் குறி இட்டவர்கள் 1841-இல் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினர். பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர். தன்முயற்சி என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அம்முயற்சி மேலே ஏற ஏற, ஒவ்வொரு படியிலும் அரசாங்கம் ஒரு சுங்கச்சாவடி வைத்திருந்தது. அவற்றை அகற்றியது எந்தத் தனி மனிதனின் விடாமுயற்சியும் அன்று. பொதுமக்கள் பலர் கூடி நடத்திய கிளர்ச்சி.

இனி, ஸ்மைல்ஸ் போற்றிய வீரர்களையே பார்ப்போம். அவர் 1857-இல் எழுதிப் பெரும்புகழ் பெற்றது ஜார்ஜ் ஸ்டீவன்சனின் வரலாறு. இருப்புப்பாதையின் தந்தை எனப்படும் ஸ்டீவன்சன் 1781-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். பதினெட்டு வயது வரையில் எழுத்தறியார். நீராவிப் பொறியைக் காக்கும் வேலையில் இருந்தவருக்கு, வாட் முதலியோர் செய்த பொறிகளைப் பற்றிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறதென்று கேள்விப்பட்டதும், எழுத்தறிவு வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. அவர் செய்தது என்ன? ராபின் கவன்ஸ் என்னும் ஏழை ஆசிரியரின் இரவுப் பள்ளிக்குச் சென்றார். வாரத்தில் மூன்று இரவு. கட்டணம் மூன்று பென்ஸ். பத்தொன்பதாம் வயதில் தம் பெயரை எழுதக் கற்றார். அதன்பின் ஆண்ட்ரூ ராபர்ட்சன் என்னும் ஸ்காத்லாந்து ஆசிரியரிடம் கணக்கு. வாரத்துக்கு நான்கு பென்ஸ். வேலைக்கிடையே பொறியின் பக்கத்தில் அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். மாலையில் அது ஆசிரியர் கைக்குப் போகும். ஆசிரியர் திருத்திப் புதுக்கணக்கு எழுதித் தருவார்.

பின்னர் மகன் ராபர்ட்டை நியூகாசில் நகரத்துப் பள்ளிக்கு அனுப்பி, அங்குள்ள இலக்கியத் தத்துவக் கழகத்தின் நூல்களை மகன் வாயிலாக வீட்டுக்கு வருவித்துத் தந்தையும் மகனும் சேர்ந்து படித்தனர். ஸ்டீவன்சனின் ஊக்கத்தை நாம் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்த பின் வகுப்புக்கு நடந்தவர் அவரே. வேறு எவரும் அவருக்காக நடக்கவில்லை. ஆனால் நடந்து போய்ச் சேர்வதற்கு ஒரு கதவு திறந்திருந்தது. அதனுள் மூன்று பென்ஸுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் ஒருவர் விளக்கோடு இருந்தார். ஸ்டீவன்சன் பெயரை உலகம் அறியும். கவன்ஸ், ராபர்ட்சன் என்னும் பெயர்களை ஆசிரியர்களாகிய நாமாவது ஒருமுறை சொல்லிப் பார்க்கலாமே!

மின்னியல் மேதை பாரடேயின் கதையும் இத்தகையதே. கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, கட்ட வந்த நூல்களையே படித்து அறிஞரானார் என்பது நாம் சிறுவர்க்குச் சொல்லும் கதை. அது மெய்யே. ஆனால் கதையின் மறுபாதி சொல்லப்படுவதில்லை. டாட்டம் என்பவர் தம் வீட்டில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். பாரடேக்காக அதனைக் கொடுத்தவர் கொல்லுலையில் உழைத்த தமையன். டேவியின் சொற்பொழிவுக்கு 1812-இல் நுழைவுச்சீட்டுத் தந்தவர் கடைக்கு வந்த வாடிக்கையாளர். டாட்டம் வீட்டில் கூடிய நண்பர்கள் சிலர், பிறகு தனியே கூடி ஒருவர் பேச்சையும் எழுத்தையும் மற்றவர் திருத்துவது என்று வழக்கம் வைத்துக்கொண்டனர். பிற்காலத்தில் அரச கழகத்தின் மேடையில் இலண்டனைக் கட்டிப்போட்ட பாரடேயின் நடை, அக்கூட்டத்தில் தீட்டப்பட்டது.

துணை குறைந்தவர் நிலை என்னவாயிற்று? தாமஸ் கூப்பர் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி 1805-இல் பிறந்தவர். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுந்து ஏழு மணி வரையில் படிப்பார். பிறகு இரவு எட்டு ஒன்பது மணி வரை தோலும் ஊசியும். உண்ணும்போதும் எதிரே புத்தகம். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தமக்குத் தாமே கற்பித்துக்கொண்டார். மில்டனையும் சேக்ஸ்பியரையும் நெட்டுருச் செய்தார். இருபத்திரண்டு வயதில் உடல் முறிந்து படுக்கையில் விழுந்தார். எழுந்திருக்கப் பல வாரங்கள் பிடித்தன. தேறியபின் செருப்புத் தொழிலை விட்டுப் பள்ளிக்கூடம் வைத்தார். பின்னர் லெஸ்டர் நகரில் சாசன இயக்கத் தலைவராகி, காலுறை நெய்யும் ஏழைகளுக்கு முதியோர் பள்ளி நடத்தினார். இரண்டாண்டு சிறையும் கண்டார். இவர் 1872-இல் எழுதிய தன்வரலாற்றில் ஒரு பகுதி நம் நெஞ்சைத் தொடுகிறது. முதுமையில் லங்காசயர் பக்கம் சென்றபோது தொழிலாளர் முன்னைவிட நன்றாக உடுத்தியிருந்தனர், பசி குறைந்திருந்தது. ஆனால் கந்தையுடுத்திய பழைய நாளில் அரசியல் நீதியைப் பற்றிக் கூட்டங்கூட்டமாக நின்று விவாதித்த அதே வகுப்பார், இப்போது கூட்டுறவுப் பண்டசாலையில் தம் பங்கு எவ்வளவு, கட்டடச் சங்கத்தில் இலாபம் எவ்வளவு என்றே பேசிக்கொண்டனராம். கூப்பர் வருந்தினார். தொழிலாளர் வயிறு நிரம்பியதற்காக அவர் வருந்தவில்லை. ஏறியபின் ஏணியை மறந்ததற்காக வருந்தினார். (அக்கூட்டுறவுப் பண்டசாலைகளின் முன்னோடிகள் 1844-இல் ராச்டேலில் சேர்ந்த இருபத்தெட்டுப் பேர், இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காடு கல்விக்கு என்று பின்னர் ஒதுக்கி வைத்தவர்களும் அவர்களே. ஆகவே கூப்பரின் சினம் முழுதும் நியாயம் என்று நாம் கருதவில்லை.)

மீண்டும் ஸ்மைல்ஸிடம் வருவோம். 1845-இல் அவர் பத்திரிகைத் துறையை விட்டு இருப்புப்பாதைக் கம்பெனிப் பணியில் அமர்ந்தார். காலரா அறையில் பேசிய பேச்சு அவர் நினைவில் மங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை, வார்ப்பாலையிலிருந்து நேரே வந்தவன் போன்ற தோற்றத்துடன் ஓர் இளைஞன் அவருடைய அலுவலகத்துக்குள் வந்தான். தான் அந்த இரவு வகுப்பில் இருந்தவன் என்றும், இப்போது சொந்தத் தொழில் நடத்திப் பிறர்க்கு வேலை கொடுப்பதாகவும், அன்று கேட்ட சொற்களை மறக்கவில்லை என்றும் கூறினான். இச்சந்திப்பே நூலெழுதத் தூண்டியது என்கிறார் ஸ்மைல்ஸ். நம் கருத்தில், நூலின் வலிமையும் பிழையும் ஒருங்கே பிறந்த நேரம் அதுவே. நூறு பேருள் திரும்பி வந்தவன் வென்றவன். தோற்றவன் அலுவலகக் கதவைத் தட்டி நன்றி சொல்ல வருவதில்லை. வந்தவனை வைத்து நூல் எழுதப்பட்டது.

கையெழுத்துப் படி 1855-இல் ரூட்லெட்ஜ் என்னும் பதிப்பகத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. கிரைமியப் போர்க்காலம், புத்தகம் விற்காது என்பது காரணம். பின்னாளில் ஒரு விருந்தில் அப்பதிப்பாளர், தங்கள் நூல் ஒன்றை வெளியிடும் பேறு எங்களுக்கு எப்போது கிட்டும் என்று வினவ, 'செல்ப் ஹெல்ப்' நூலைத் திருப்பியனுப்பும் பேறு உங்களுக்கு முன்பே கிட்டிவிட்டதே என்று ஸ்மைல்ஸ் விடை கூறினாராம்.

வெளிவந்த நூலில் குயவர், நெசவாளர், பொறியாளர், சிற்பி, மருத்துவர் என அடுக்கடுக்காக வரலாறுகள். ஏறக்குறைய எல்லாரும் ஆடவர். கடை நடத்திய தாய்மார்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. படிக்கப் படிக்க உள்ளம் கிளர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிகழ்ச்சியை நிகழ்ச்சியின் மேல் வைத்துக் கொண்டு போகும்போது, சூழ இருந்தவர்கள் சிறுகச் சிறுக மறைய, வெற்றியாளன் ஒருவன் மட்டும் ஒளியில் நிற்கிறான். அவனைக் காட்டி, 'இவனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?' என்று வேலையில்லாதவனைக் கேட்பது பிறருக்கு எளிதாயிற்று. வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்த ராபர்ட் டிரெஸ்ஸல், தொழிலாளர் வாழ்வைப் பற்றித் தாம் எழுதிய நாவலில் — அவர் 1911-இல் இறந்த பிறகு 1914-இல் அது வெளிவந்தது — ஸ்மைல்ஸின் நூலைக் கசப்போடு எள்ளி நகையாடுகிறார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது.

ஆயினும் ஸ்மைல்ஸ் அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கவர் அல்லர். பொது நூலகங்கள் வேண்டுமா என்று ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன் 1849-இல் சாட்சியம் அளித்தவர்களுள் அவர் ஒருவர். மறு ஆண்டில் நூலகச் சட்டம் நிறைவேறியது. 1875-இல் 'சிக்கனம்' பற்றி எழுதிய நூலில், ஊரில் சாக்கடை நாறுவதற்கும், உணவில் கலப்படம் நேர்வதற்கும், தடுக்கத்தக்க நோயால் ஏழைகள் மடிவதற்கும் பொறுப்பாளி யார் என்று கேட்டால் 'ஒருவருமில்லை' என்னும் விடையே கிடைக்கிறது என்று சீறுகிறார். எதிலும் அரசு தலையிடாமல் விட்டுவிடு என்னும் கோட்பாட்டை அங்கே அவர் வெளிப்படையாகவே தாக்குகிறார். காலராவுக்குத் தந்தையைக் கொடுத்தவர் அல்லவா?

இந்நூல் நம் ஆசியாவுக்கும் வந்தது. சீன நூல்களில் ஆழ்ந்த புலமை பெற்ற நாகமுரா மசனாவோ என்னும் ஜப்பானியர், மாணவர்களுக்குப் பொறுப்பாளராக 1866-இல் இங்கிலாந்து சென்றார். 1868-இல் ஜப்பானில் ஆட்சி மாறவே நாடு திரும்பினார். நண்பர் ஒருவர் விடைபெறும் வேளையில் தந்த ஸ்மைல்ஸ் நூல் கையில் இருந்தது. அவருடைய மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்தது. மேனாட்டில் குறிக்கோளை நாட்டி நின்றோர் வரலாறு என்னும் பொருள்பட அவர் பெயர் சூட்டினார். 'தன்னுதவி' என்னும் மூலப்பெயர் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. தமிழாசிரியர்கள் இம்மொழிபெயர்ப்பு நுட்பத்தைக் கருதிப் பார்க்கலாம். மெய்ஜி காலத்தில் அது பத்து இலட்சம் படிகள் விற்றதாகச் சொல்வர். பள்ளிகளில் பாடநூலாகவும் இருந்தது. பிறப்பால் வந்த பதவியை இழந்து நின்ற சாமுராய் வீட்டு இளைஞர்களுக்கு அது புதுவழி காட்டிற்று.

தமிழுக்கு இம்மரபு வந்த வழி சற்று வேறானது. ஸ்மைல்ஸுக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஆலன் 1864-இல் லெஸ்டரில் பிறந்து, பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்து பள்ளியை விட்டவர். அவர் 1903-இல் எழுதிய சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று 1909-இல் தமிழாக்கித் தந்தவர் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார். அப்போது அவர் சிறையில் இருந்தார். ஊர் மக்களிடம் பங்குத்தொகை திரட்டி, ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து நாவாய் ஓட்டிய ஒருவர் கையில் அந்நூல் வந்து சேர்ந்தது. தன்முயற்சி, கூட்டு முயற்சி என்னும் இரண்டையும் பகையாக அவர் கருதவில்லை என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

தோற்றவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஸ்மைல்ஸை அவர் காலத்திலேயே கேட்டவர்கள் இருந்தனர். 1866-ஆம் ஆண்டு முன்னுரையில் அக்கேள்வியை அவரே எடுத்துக்கொண்டு, தோல்வியின் வரலாறு படிப்பவர் மனத்தைச் சோரச் செய்யும் என்பது போல விடை கூறிக் கடந்து போகிறார். அவ்விடை அவருக்கே நிறைவளிக்கவில்லை போலும். 1876-இல் அவர் எழுதியது தாமஸ் எட்வர்ட் என்னும் செருப்புத் தொழிலாளியின் வரலாறு; இரவெல்லாம் கடற்கரையில் பறவையும் பூச்சியும் ஆராய்ந்து, சேர்த்த தொகுப்புகளைக் கடனுக்காக விற்றவர். அந்நூல் வெளிவந்த பிறகு அரசியார் அவருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுன் உதவித்தொகை அளித்தார். 1878-இல் எழுதியது ராபர்ட் டிக் என்பவரின் வரலாறு. உதவித்தொகை பெறுவதற்கு டிக் உயிரோடு இல்லை.

டிக் ஸ்காத்லாந்தின் வடகோடியில் தர்சோ என்னும் ஊரில் ரொட்டி சுட்டவர். அடுப்பு வேலை முடிந்ததும் பாறைகளிலே படிந்த பழங்கால மீன்களைத் தேடிப் பல மைல் நடப்பார். தாம் கண்டெடுத்தவற்றை ஹியூ மில்லர் என்னும் நிலவியல் அறிஞருக்கு விலையின்றிக் கொடுத்தார். மில்லர் முன்பு தாம் எழுதியதைத் திருத்திக்கொள்ள அவை உதவின. நிலவியலில் பேரறிஞரான மர்ச்சிசன் 1858-இல் ரொட்டிக் கடைக்கே வந்தார். டிக், பலகையின் மேல் மாவைப் பரப்பி, மேடு பள்ளம் பாறை எல்லாம் விளங்கத் தம் வட்டாரத்தின் நிலப்படத்தை விரலால் வரைந்து காட்டினார். அவ்வாண்டு நடந்த அறிவியலார் மாநாட்டில் மர்ச்சிசன் இதனைச் சொல்லி, செடிகொடிகளைப் பற்றித் தம்மைவிட அந்த ரொட்டிக்காரர் பன்மடங்கு அறிந்தவர் என்று அவையோர் முன் ஒப்புக்கொண்டார். மாநாடு கூடிய இடம் லீட்ஸ். 1863-இல் டிக்குக்கு வந்த மாவு கப்பல் விபத்தில் கடலோடு போயிற்று. கடனடைக்க அவர் தம் பாறைத் தொகுப்பை விற்றார். போட்டிக் கடைகள் பெருகி வாடிக்கை குறைந்தது. 1866-ஆம் ஆண்டு திசம்பரில் அவர் இறந்தபோது, அதுகாறும் அவரைப் பித்தர் என்று ஒதுக்கிய ஊரே கடையடைத்து அவர் பெட்டியின் பின்னே நடந்தது.